நினைவகத்தைக் கூட்டினால் விளையாட்டு வேகம் பெறுமா?

மடிக்கணினி புகாத வீடு இன்று அரிது. பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கப்படும் அக்கருவி, பொழுது சாய்ந்ததும் விளையாட்டு மைதானமாகிவிடுவது பெற்றார் யாவரும் அறிந்ததே. அதனைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. நாள் முழுவதும் புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளை ஒரு மணி நேரம் விளையாடி மகிழ்வதிற் பிழை யாது? ஆயினும், அவ்விளையாட்டை ஒட்டி வீடுகளில் எழும் ஒரு கோரிக்கையைப் பற்றியும், அதன் தன்மை தெரியாமற் செலவாகிவிடும் பணத்தைப் பற்றியும் இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

“விளையாட்டு இடையிடையே நின்று நின்று ஓடுகிறது. றாம் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும். வாங்கித் தாருங்கள்” என்பதே அக்கோரிக்கை. கடைகளில் றாம் என்று வழங்கும் பொருளை இக்கட்டுரையில் நாம் நினைவகம் என்றே குறிப்பிடுவோம்.

இக்கோரிக்கை நியாயமானதா? “வாங்கிப் போட்டோம், விளையாட்டு பறக்கிறது” என்பாரும் உளர். “வாங்கிப் போட்டோம், பணம் போனதே மிச்சம்” என்பாரும் உளர். இரு சாராரும் பொய் சொல்லவில்லை. ஒரே பொருள் ஒரு வீட்டிற் பெரும் பயன் தருவதும் அடுத்த வீட்டில் ஒன்றுக்கும் உதவாமற் போவதும் எவ்வாறு? இதனை எம் குடும்பத்திலேயே கண்ணாரக் கண்டோம்.

ஒரு குடும்பத்தில் இரு கணினிகள்

எம் தமக்கையாரின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்தான். அயலிலுள்ள சிறுவர் சிலருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து, கிடைத்த ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவந்தான். அப்பணத்திலே தாயாருக்குப் புதிய மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுப்பதென்பது அவன் தானாகவே செய்துகொண்ட தீர்மானம். தாயாருடைய பழைய கண்ணாடியின் ஒரு கால் நூலினாற் கட்டப்பட்டிருந்தது.

இடையிலே விளையாட்டு குறுக்கிட்டது. அவனுடைய மடிக்கணினி தனியான கிராபிக்ஸ் கார்ட் பொருத்தப்பட்ட உயர்ந்த வகை. அதில் 8 ஜிகாபைட் கொண்ட நினைவகத் தகடுகள் இரண்டு, ஆக 16 ஜிகாபைட், ஏற்கெனவே இருந்தன. ஆயினும் ‘சைபர்பங்க் 2077’ என்னும் விளையாட்டில் நகரத்தினூடாக வண்டியை வேகமாகச் செலுத்தும்போதெல்லாம் காட்சி தடுக்கித் தடுக்கி நின்றது. கணினிக் கடையொன்றில் விசாரித்தான். “இருப்பவற்றைக் கழற்றிவிட்டுப் பதினாறு பதினாறாக இரண்டு போட்டாற் பறக்கும், தம்பி” என்று விடை கிடைத்தது. எம்மிடம் வந்து, “மாமா, செய்யலாமா?” என்று கேட்டான். கூடுதலான நினைவகம் கூடுதலான நன்மைதானே என்ற பொது எண்ணத்தில் நாமும் தலையசைத்துவிட்டோம். மூக்குக்கண்ணாடி பின்போடப்பட்டது.

அன்றிரவு தொலைபேசியில் அவனுடைய குரல் தாழ்ந்திருந்தது. “மாமா, ஒரு மாற்றமும் இல்லை” என்றான்.

மறுநாள் எம் வீட்டுக்கு வந்தபோது, கழற்றிய பழைய தகடுகளை ஒரு கடித உறையில் இட்டுக் கொண்டுவந்தான். எம் மகளின் மடிக்கணினி சாதாரணமானது. தனியான கிராபிக்ஸ் கார்ட் அதில் இல்லை. 8 ஜிகாபைட் தகடு ஒன்று இருந்தது. அதற்கருகே இன்னொரு தகட்டுக்குரிய இடம் வெறுமையாகக் கிடந்தது. மோட்டார் வண்டிகள் பந்தாடும் ‘ரொக்கட் லீக்’ என்னும் விளையாட்டே அவளுக்குப் பிரியமானது. அதுவும் அக்கணினியில் இழுபட்டு இழுபட்டே ஓடும். பழைய தகடுகளில் ஒன்று அதற்குப் பொருந்தும் வகையினதே என்று கண்டு, மருமகன் அதனை அவ்வெற்றிடத்திற் பொருத்தினான். கணினியை மீண்டும் இயக்கி விளையாட்டைத் திறந்தாள் மகள். “அப்பா, இது வேறு யாருடையவோ கணினி போல ஓடுகிறது!” என்று கூவினாள்.

மருமகன் அவளோடு சேர்ந்து சிரித்தான். ஆனால், அவன் முகத்திற் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிய தகடுகள் செய்யாத உதவியை, வேண்டாமென்று கழற்றிய தகடு செய்துவிட்டதன்றோ? இதன் காரணத்தை ஆராய்ந்தறிந்தபோது நாம் தெளிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

கலியாண வீட்டுச் சமையற்கட்டு

கணினியினுள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ள, ஒரு கலியாண வீட்டுச் சமையற்கட்டைக் கற்பனை செய்துகொள்வோம்.

தலைமைச் சமையற்காரர் ஒருவர் இருக்கின்றார். யாவற்றுக்கும் கட்டளை இடுபவர் அவரே. இவரே செயலி. அவருக்கருகே, பரிமாற வேண்டியவற்றைத் தயாரித்துப் பந்திக்கு அனுப்பும் குழுவொன்று இருக்கின்றது. அக்குழுவே கிராபிக்ஸ், அதாவது காட்சியைத் தீட்டும் பகுதி. சாமான்கள் யாவும் அடுக்கப்பட்டிருக்கும் களஞ்சிய அறை தொலைவில் உள்ளது. அதுவே வன்தட்டு, அல்லது இக்காலத்தில் வழங்கும் எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம். களஞ்சியத்திலிருந்து எடுத்துவந்த சாமான்களைக் கைக்கெட்டும் தூரத்திற் பரப்பி வைத்திருக்கும் நீண்ட மேசை அடுப்படியில் இருக்கின்றது. அம்மேசையே நினைவகம்.

மேசை சிறிதானால் என்ன நேரும்? ஒன்றை வைக்க இன்னொன்றைக் களஞ்சியத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பியது மறுகணமே தேவைப்படும். மீண்டும் ஓட வேண்டும். அவ்வேளையிற் பந்தியிலிருப்போர் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பர். விளையாட்டில் நாம் காணும் தடுக்கல் இதுவே.

இந்த ஓட்டம் எவ்வளவு தூரமானது என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்கச் செல்லும் நேரம், விநாடியை ஒரு கோடி பங்காக்கினால் அதில் ஏறத்தாழ ஒரு பங்காகும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுப்பதற்கோ விநாடியின் நூறில் ஒரு பங்கு வேண்டும். எஸ்.எஸ்.டி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, அது விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு எடுக்கும். நினைவகத்துக்குப் போய்வருவது ஒரு விநாடியெனக் கொண்டால், எஸ்.எஸ்.டி.க்குப் போய்வரக் கால் மணி நேரத்துக்கு மேலாகும். வன்தட்டுக்குப் போய்வர ஒரு முழு நாளும் போதாது. விளையாட்டோ விநாடிக்கு 60 படங்களைத் தீட்ட முயல்கின்றது. ஒரு படத்துக்குக் கிடைப்பது விநாடியின் அறுபதில் ஒரு பங்கு மாத்திரமே. அதற்குள் ஒரு முறை வன்தட்டுக்கு ஓடினாலே பாதிக்கு மேற்பட்ட நேரம் கழிந்துவிடுகின்றது.

எனவே மேசை சிறிதாயின் அதைப் பெரிதாக்குவது பெரும் பயன் தரும். ஆனால், வேண்டிய சாமான்கள் யாவும் மேசையில் அடங்கிவிட்ட பின்னர், மேசையை இன்னும் இரு மடங்கு நீட்டினாற் சோறு விரைவில் வேகுமா? வேகாது. அடுப்பின் வேகம் மேசையின் நீளத்தில் இல்லை. மருமகனின் கணினியில் நேர்ந்தது இதுவே. அவ்விளையாட்டுக்குக் குறைந்தபட்சம் 12 ஜிகாபைட் நினைவகம் வேண்டுமென்றும், 16 ஜிகாபைட் இருப்பது நன்றென்றும் அதனை ஆக்கியோர் 2023 ஆம் ஆண்டிற் புதுக்கிய அறிவித்தல் கூறுகின்றது. அவனிடம் 16 ஏற்கெனவே இருந்தது. அதனை 32 ஆக்கியபோது, நீட்டிய பகுதி வெறும் பலகையாகவே கிடந்தது.

நினைவகம் பிறந்த கதை

இத்துணைப் பணம் விழுங்கும் இத்தகட்டினுள்ளே என்னதான் இருக்கின்றது என்று மாணவர்கள் கேட்கக்கூடும்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த ரொபேர்ட் டெனாட் என்னும் அமெரிக்க அறிஞர் 1966 ஆம் ஆண்டில் ஓர் உபாயத்தைக் கண்டார். ஒரு திரான்சிஸ்டர், மின்னேற்றத்தைத் தாங்கும் ஒரு கொள்ளளவி ஆகிய இரண்டையும் கொண்டே ஒரு துணுக்குத் தகவலைச் சேமிக்கலாம் என்பதே அது. 1968 இல் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது. 1970 இல் இன்டெல் நிறுவனம் ‘1103’ என்னும் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவு 1,024 துணுக்குகள். இன்று கைவிரல் நீளமேயுள்ள 8 ஜிகாபைட் தகடு ஒன்று, அதுபோன்ற 6 கோடியே 71 இலட்சம் சில்லுகளுக்குச் சமமானதைத் தாங்குகின்றது.

கொள்ளளவி மிகச் சிறியதாதலால், அதிலுள்ள மின்னேற்றம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால் இப்போது பரவலாகவுள்ள டி.டி.ஆர்.4 வகைத் தகட்டில் ஒவ்வொரு கொள்ளளவியும் 64 மில்லி விநாடிக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகின்றது. மின்சாரம் நின்றால் யாவும் மறைந்துவிடும். கணினியை அணைத்ததும் நினைவகம் வெறுமையாவது இக்காரணத்தாலேயே. நினைவகம் என்பது பொருளைச் சேமித்து வைக்கும் அறையன்று. வேலை நடக்கும்போது மாத்திரம் பொருளைத் தாங்கும் மேசை என்பது இதனாலும் விளங்கும்.

இரண்டு தகடுகளின் இரகசியம்

இனி, மகளின் கணினியில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். அங்கே இரண்டு நன்மைகள் ஒருங்கே சேர்ந்தன.

முதலாவது, மேசை உண்மையிலேயே சிறிதாக இருந்தது. இக்காலத்து விண்டோஸ் தனக்கும் தன் பரிவாரங்களுக்குமாக மூன்று, நான்கு ஜிகாபைட்டை எடுத்துக்கொள்ளும். உலாவியில் நாலைந்து பக்கங்கள் திறந்திருந்தால் அவையும் தம் பங்கைக் கேட்கும். மேலும், தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினியிற் காட்சி தீட்டும் குழுவுக்குச் சொந்த மேசை கிடையாது. சமையற்காரரின் மேசையிலேயே அதுவும் இடம் பிடித்துக்கொள்ளும். இத்தனையும் போக, விளையாட்டுக்கு எஞ்சியது மிகக் கொஞ்சம்.

இரண்டாவது நன்மை பலரும் அறியாதது. மேசைக்குச் செல்லும் வழியைப் பற்றியது அது. தகடு ஒன்றாயின் வழி ஒன்று. தகடுகள் இரண்டாயின் வழிகள் இரண்டு. டி.டி.ஆர்.4 வகையில் 3200 என்னும் வேகமுள்ள ஒரு தகட்டினூடாக விநாடிக்கு 25.6 ஜிகாபைட் தகவல் செல்லலாம். அதே தகடுகள் இரண்டைச் சேர்த்துப் போட்டால் 51.2 ஜிகாபைட் செல்லலாம். தலைமைச் சமையற்காரர் தமக்கு வேண்டியவற்றிற் சிலவற்றைக் கையோடு வைத்திருப்பார். ஆதலால் அவருக்கு ஒரு வழியே பெரும்பாலும் போதும். ஆனால், காட்சி தீட்டும் குழு ஓயாது எடுத்துக்கொண்டும் வைத்துக்கொண்டும் இருப்பது. ஒற்றை வழியில் அது நெரிந்து நிற்கும். தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினிகளில் இரண்டாவது தகடு தரும் முன்னேற்றம் இதனாலேயே கண்கூடாகத் தெரிகின்றது. முன்னேற்றத்தின் அளவு விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 11 ஆவது தலைமுறைச் செயலிகள் பலவற்றில் ‘ஐரிஸ் எக்ஸ்ஈ’ என்னும் காட்சிப் பகுதி உள்ளது. நினைவகம் ஒற்றை வழியில் இருந்தால், அதே பகுதி ‘யூ.எச்.டி.’ என்ற சாதாரணப் பெயரையே காட்டும். இரண்டாவது வழி திறந்த பின்னரே ‘ஐரிஸ் எக்ஸ்ஈ’ என்னும் சிறப்புப் பெயர் திரையில் வரும். எம் மகளின் கணினியிலும் பெயர் அவ்வாறே மாறிற்று. புதிய சில்லு எதுவும் வாங்கவில்லை. உள்ளே அடைபட்டுக் கிடந்த ஆற்றலுக்கு வழிவிட்டோம், அவ்வளவே.

16 ஜிகாபைட் வேண்டுவோர் பதினாறாக ஒரு தகடு வாங்காமல் எட்டும் எட்டுமாக இரண்டு வாங்குவது நன்று என்பதற்குக் காரணம் இதுவே.

நினைவகம் தீர்க்க முடியாத குறைகள்

விளையாட்டு மெதுவாக ஓடுவதற்கு வேறு காரணங்களும் உள்ளன. அவற்றுக்கு நினைவகம் மருந்தாகாது.

அவற்றுள் முதன்மையானது கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம். தனியான கார்ட் உள்ள கணினியிற் காட்சி தீட்டும் குழு வேறோர் அறையிலே, தனக்கென்று சுவரோடு பதித்த மேசையில் வேலை செய்கின்றது. அடுப்படி மேசையை எவ்வளவு நீட்டினாலும் அந்த அறை மேசை நீளாது. மடிக்கணினியில் அது பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், பின்னர் கூட்டவும் முடியாது. மருமகனின் கார்டில் இருந்தது 4 ஜிகாபைட். சைபர்பங்க் விளையாட்டுக்கோ கார்டில் மாத்திரம் 6 ஜிகாபைட் குறைந்தபட்சம் வேண்டும். அவ்வறை மேசை நிரம்பி வழிந்தபோது, எஞ்சியவை பன்மடங்கு மெதுவான பாதையினூடாக வெளி மேசைக்கு அனுப்பப்பட்டுத் திரும்ப எடுக்கப்பட்டன. அவன் கண்ட தடுக்கலின் மூலம் அங்கேதான் இருந்தது. கடையில் விற்றதோ வேறோர் அறைக்குரிய மேசை.

இரண்டாவது, செயலியின் அல்லது கிராபிக்ஸ் பகுதியின் இயல்பான ஆற்றல். அடுப்பு சிறிதாயின் மேசை என்ன செய்யும்?

மூன்றாவது, வெப்பம். மடிக்கணினியின் விசிறியிலும் காற்றுத் துவாரங்களிலும் தூசி அடைத்துவிட்டால் உள்ளே சூடேறும். வெப்பம் 100 பாகை சென்ரிகிரேட்டை அண்மிக்கும்போது, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். விளையாட்டு முதற் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் தளர்ந்தால் இதனையே முதலில் ஐயுற வேண்டும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து விளையாடும் பிள்ளைகள் காற்றுத் துவாரத்தைத் தாமே அடைத்துவிடுகின்றனர். கணினியை மேசையில் வைப்பதற்குச் செலவில்லை.

நான்காவது, மின்னிணைப்பு. மின்கலத்தில் மாத்திரம் ஓடும்போது பல மடிக்கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, சேமிப்பகம். சுழலும் வன்தட்டுள்ள பழைய கணினியில் விளையாட்டு திறப்பதற்கே நெடுநேரம் சென்றால், எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவது அந்தக் காத்திருப்பைப் பெரிதும் குறைக்கும். ஆனால், விநாடிக்குத் தீட்டப்படும் படங்களின் தொகையை அது பெரும்பாலும் கூட்டாது.

அளந்து பார்க்கும் முறை

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது எம் மூதாதையர் வாக்கு. நினைவகத்தை அளப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. விண்டோஸ் உள்ள கணினியிலேயே அதற்குரிய தராசு இருக்கின்றது.

வழக்கமாக விளையாடும் விளையாட்டைத் திறந்து கால் மணி நேரம் விளையாடுக. பின்னர் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டாஸ்க் மனேஜர் என்னும் பக்கம் திறக்கும். அதிலே பெர்போமன்ஸ் என்ற பகுதியில் மெமரி என்பதைத் தெரிவு செய்க. மொத்த நினைவகத்தில் எவ்வளவு பயன்படுகின்றது என்பது அங்கே தெரியும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிரம்பியிருந்தால் மேசை சிறிது, கூட்டினாற் பயனுண்டு. மூன்று, நான்கு ஜிகாபைட் சும்மா கிடந்தால் மேசை போதும், கூட்டுவது வீண்.

அதே பக்கத்தில் ‘ஸ்லொட்ஸ் யூஸ்ட்’ என்ற சொற்களுக்கெதிரே, இரண்டில் ஒன்று என்றோ இரண்டில் இரண்டு என்றோ காணப்படும். தனியான கார்ட் இல்லாத கணினியில், இரண்டில் ஒன்றே நிரம்பியிருந்தால் இன்னொரு தகடு போடுவது நல்ல முதலீடாகும்.

அடுத்து, ஜீ.பீ.யூ. என்பதைத் தெரிவு செய்க. தனியான கார்ட் உள்ள கணினியில் ‘டெடிக்கேட்டட்’ என்று குறிக்கப்பட்ட நினைவகம் விளிம்புவரை நிரம்பியிருந்தால், குறை கார்டில் இருக்கின்றதென்று அறிக. எம் மருமகன் இதனைப் பார்த்தபோது 4 ஜிகாபைட்டும் நிரம்பி, கோடு உச்சியைத் தொட்டு நின்றது. பக்கத்திலே மெமரிக் கோடு பாதிக்கும் கீழே சாவதானமாகப் படுத்திருந்தது. பணம் கொடுப்பதற்கு முன்னர் ஒரு நிமிடம் இப்பக்கத்தைப் பார்த்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

அளந்து பார்த்து, நினைவகம் வேண்டுமென்று முடிவாயிற்றா? கடைக்குச் செல்லுமுன் மூன்று விஷயங்களை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கணினியில் நினைவகத்தைக் கூட்ட இயலுமா என்பது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டுவிடுகின்றது. 2020 இற்குப் பின்னர் வந்த, ஆப்பிளின் சொந்தச் செயலியுடைய மடிக்கணினிகள் யாவும் இவ்வகையின. விண்டோஸ் கணினியாயின், மேற்கூறிய பக்கத்தில் ‘ஃபோம் பக்டர்’ என்பதற்கெதிரே ‘எஸ்.ஓ.டிம்’ என்றிருந்தாற் கழற்றக்கூடிய தகடு. ‘ரோ ஒஃப் சிப்ஸ்’ என்றிருந்தாற் பற்றவைக்கப்பட்டது. இத்தகைய கணினியை வாங்குவோர் வாங்கும் நாளிலேயே போதிய அளவு பார்த்து வாங்க வேண்டும்; பின்னர் வருந்திப் பயனில்லை.

இரண்டாவது, தகட்டின் வகை. மடிக்கணினிக்குரிய டி.டி.ஆர்.3 தகட்டில் 204 தொடுமுனைகளும், டி.டி.ஆர்.4 இல் 260 உம், டி.டி.ஆர்.5 இல் 262 உம் உள்ளன. வெட்டுப்பள்ளமும் வெவ்வேறிடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வலிந்து அழுத்துதல் ஆகாது. வேகம் வேறுபட்ட இரு தகடுகளைச் சேர்த்தால், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். பழைய தகட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுசென்று, அதற்கு இணையானதைக் கேட்டு வாங்குவது உத்தமம்.

மூன்றாவது, விலை. உலகிற் செய்யப்படும் இவ்வகை நினைவகத்தில் மிகப் பெரும் பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரொன் ஆகிய மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை அறிவுக்கான மாபெரும் கணினி நிலையங்கள் நினைவகத்தை அள்ளிச் சென்றமையால், 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இதன் விலை உலகெங்கும் வெகுவாக ஏறிற்று. ஆகவே தேவையற்ற தகடொன்றை வாங்குவது முன்னையிலும் பெரிய நட்டம். தேவைக்கு மேலிருக்கும் தகட்டை உறவினருக்கோ நண்பருக்கோ கொடுத்துதவுவது முன்னையிலும் பெரிய உதவி.

தகட்டை மாற்றுமுன் கணினியை முற்றாக அணைத்து, மின்னிணைப்பையும் உள்ளேயுள்ள மின்கல இணைப்பையும் நீக்கி, உடலிலுள்ள நிலைமின் நீங்கும்படி உலோகப் பொருளொன்றைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாதோர் தெரிந்தவரைக் கொண்டு செய்விப்பதே தக்கது.

குறையில்லாச் சிகிச்சை

மருமகனின் கதையை முடிக்காமல் விட்டால் வாசகர் எம்மைக் கோபிப்பர்.

குறை கார்டின் நினைவகத்தில் என்று தெரிந்ததும், அவன் விளையாட்டின் முகப்புப் பக்கத்திற்குச் சென்றான். அங்கே ‘டெக்ஸ்சர்’ என்ற அமைப்பு, பொருள்களின் மேற்பரப்பு எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டப்பட வேண்டும் என்பதைக் குறிப்பது, உயர்ந்த படியில் இருந்தது. கார்டின் மேசையிற் பெரும் இடத்தைப் பிடிப்பது அதுவே. அதனை ஒரு படி இறக்கினான். கணினியின் துவாரங்களில் அடைந்திருந்த தூசியையும் சிறு தூரிகையாற் கவனமாக நீக்கினான். அன்று மாலை வண்டி நகரத்தினூடாகத் தடையின்றி ஓடிற்று. சுவர்களின் நுணுக்கம் சற்றுக் குறைந்ததோ என்று நாம் உற்றுப் பார்த்தோம். எம் கண்ணுக்குத் தெரியவில்லை. செலவு ஒன்றுமில்லை.

புதிய தகடுகளைக் கடையிலே திருப்பி எடுக்க மறுத்துவிட்டனர். கலியாண வீடியோப் படங்களைத் தொகுக்கும் இளைஞர் ஒருவர் அவற்றை வாங்கிக்கொண்டார். அத்தொழிலுக்கு 32 ஜிகாபைட்டும் வேண்டியதே. ஒருவர் வீட்டில் வெறும் பலகை இன்னொருவர் தொழிலுக்கு உயிர்நாடி. கொடுத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் இடையே விழுந்த துண்டை, அளவாமல் தலையசைத்த குற்றத்துக்காக நாம் ஈடுசெய்தோம். தமக்கையார் புதிய கண்ணாடியை அணிந்துகொண்டு, “இதற்குள் என்ன கணக்கு வழக்கு என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது” என்றார்.

பிள்ளை வந்து நினைவகம் கேட்கும்போது உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே கடைக்கு ஓடவும் வேண்டாம். அவனையோ அவளையோ அருகில் இருத்தி, விளையாட்டை ஓடவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து இருவரும் சேர்ந்து பாருங்கள். மேசை நிரம்பியிருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக் கொடுங்கள், அப்பணம் வீண்போகாது. மேசையில் இடமிருந்தால், குறை வேறெங்கே என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். எதையும் வாங்குமுன் அளந்து பார்க்கும் பழக்கம் அப்பிள்ளைக்கு அங்கேயே கைவந்துவிடும். அதற்கு எந்தக் கடையிலும் விலை குறிக்கப்படுவதில்லை.